உப்பில்லாத வாரம்

பரிதி,

நான் அனுப்பும் வாய்ஸ் மெசேஜை நீ இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டுக் கேட்கிறாய் என்று உன் அம்மா போட்டுக் கொடுத்துவிட்டாள். அப்படிக் கேட்டால் என் குரல் கோழி கொக்கரிப்பது மாதிரி இருக்குமாம். நீயும் துபாய் ரூமில் உன்னோடு இருக்கிற பையன்களும் விழுந்து விழுந்து சிரிப்பீர்களாம். சிரித்துக்கொள்ளுங்கள். அதனால்தான் இந்தத் தடவை எழுத உட்கார்ந்தேன். தமிழை நீ எழுத்துக் கூட்டித்தான் படிப்பாய், அது எனக்குத் தெரியும். இங்கே முசஃபாவில் நம் வீட்டுச் சமையலறைத் தரையில் உட்கார வைத்து அம்மா சொல்லிக் கொடுத்தது அவ்வளவுதான். மெதுவாகவே படி, ஆனால் முழுதாகப் படி. இன்று செவ்வாய்க்கிழமை. வியாழக்கிழமை காலை உனக்கு டீம் டாக்டரின் பரிசோதனை. சனிக்கிழமை, பதினாறு மாதம் கழித்து, நீ மறுபடி பந்தெறியப் போகிற முதல் மேட்ச். வியாழக்கிழமைக்கு முன்னால் இது உன் கண்ணில் பட்டுவிட வேண்டும்.

சுற்றி வளைக்கப் போவதில்லை. உன் முழங்கை மறுபடி வலிக்கிறது. நீ யாரிடமும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை நீ வீட்டுக்கு வந்தபோதே எனக்குச் சந்தேகம் வந்தது. தண்ணீர் கேன் தீர்ந்துவிட்டது என்று அம்மா சொன்னதும் நீ எழுந்து போய்ப் புதுக் கேனை இடது தோளில் ஏற்றி, இடது கையாலேயே கவிழ்த்தாய். பாதித் தண்ணீர் தரையில். "என்னடா இது?" என்றதற்கு "சும்மா, லெஃப்ட் ஹேண்டுக்கும் எக்சர்சைஸ்ப்பா" என்றாய். சரி என்று விட்டுவிட்டேன். ஆனால் சாப்பிட உட்கார்ந்தபோது நீ அம்மாவிடம் ஒன்று சொன்னாய். "அம்மா, புதன்கிழமை டிபன்ல குடுத்து விடுறதுல உப்பு கம்மியா போடுங்க" என்றாய். அம்மா கரண்டியைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். நான் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வலி மாத்திரை போட்டால் பிரஷர் ஏறும் என்பதும், உப்பைக் குறைத்தால் அதைக் கொஞ்சம் மறைக்கலாம் என்பதும் உனக்கு எந்த டாக்டர் சொன்னது? ஒரு டாக்டரும் சொல்லவில்லை. அதை இந்த வீட்டில்தான் கற்றுக்கொண்டாய். என்னிடம்தான் கற்றுக்கொண்டாய்.

இதை நீ பார்த்ததில்லை, கேட்டிருப்பாய். உன்னையும் அம்மாவையும் இங்கே கூட்டி வருவதற்கு முன்னால் நான் கேம்ப் ரூமில் இருந்தேன். ஒரு ரூமுக்கு எட்டுப் பேர், ஒரே சட்டியில் சமையல். எங்களில் ஒருவனுக்குக் கம்பெனி மெடிக்கல் வருகிறது என்றால் அதற்கு முந்தின ஒரு வாரம் ரூம் மொத்தத்துக்கும் உப்பு கிடையாது. மீன் குழம்பாக இருந்தாலும் சப்பென்றுதான் இருக்கும். யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். பிரஷர் ஏறியிருந்தால் ஃபைலில் அன்ஃபிட் என்று எழுதுவார்கள். அன்ஃபிட் என்றால் உயரத்தில் ஏற விட மாட்டார்கள், கனமான வேலைக்கு விட மாட்டார்கள், அப்புறம் விசா கேன்சல், கையில் டிக்கெட். இன்றைக்கு அவனுக்கு, அடுத்த மாதம் நமக்கு. எட்டுப் பேரும் ஒருவனுக்காக உப்பில்லாமல் சாப்பிட்டது இன்றைக்கும் எனக்குப் பெருமைதான். அதை ஒருநாளும் கேலி பேச மாட்டேன். ஆனால் அந்தப் பழக்கத்தை மூட்டை கட்டிக் குடும்பத்துக்குள் கொண்டுவந்தேன் பார், அதுதான் நான் செய்த தப்பு. நீ இரண்டாவது படிக்கும்போது, "ஏம்மா சாம்பார் தண்ணி மாதிரி இருக்கு?" என்று கேட்டாய். "அப்பாவுக்கு மெடிக்கல்டா. வெளிய யார்ட்டயும் சொல்லாத" என்றாள் அம்மா. நீ பெரிய மனுஷன் மாதிரி தலையாட்டிவிட்டு முழுத் தட்டையும் சாப்பிட்டாய். எங்கள் இரண்டு பேருக்கும் அன்றைக்கு உன்னை நினைத்து அவ்வளவு சந்தோஷம்.

மறைத்ததால் என்ன ஆனது என்று இதுவரை உனக்குச் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். உன் அம்மாவுக்கே நேற்றுத்தான் சொன்னேன். நீ ஒரு வயதுப் பிள்ளையாக ஊரில் தவழ்ந்துகொண்டிருந்தபோது நான் கத்தாரில், ராஸ் லஃபானில் ரிக்கராக இருந்தேன். கிரேனில் சுமையைக் கட்டி ஏற்றி இறக்குகிற வேலை. ஒருநாள் ஏணியில் கால் வழுக்கி, விழாமல் இருக்க ஒற்றைக் கையால் கம்பியைப் பிடித்துத் தொங்கினேன். வலது தோளுக்குள் ஏதோ கிழிந்தது. யாரிடமும் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து ஒரு பெரிய பைப்பை ஏற்றும்போது, அது ஆடாமல் இருக்க ஒரு முனையில் கட்டிய கயிறு என் கையில். காற்று வந்தது, பைப் இழுத்தது, என் தோள் விட்டுக்கொடுத்தது. அந்தப் பக்கம் என் ரூம்மேட் செல்வராசு நின்றிருந்தார், அரியலூர்க்காரர். அவருடைய இரண்டு விரல் போய்விட்டது. விசாரணையில் காற்று என்று எழுதினார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. அவர் ஊருக்குப் போய்க் கடை வைத்தார். தீபாவளிக்குத் தீபாவளி எனக்குப் போன் பண்ணுவார்.

நேற்று நானே அவரைக் கூப்பிட்டுச் சொன்னேன். "கயிறு தொவண்டப்பவே எனக்குத் தெரியும்ப்பா" என்றார். "ஆனா அன்னைக்கு எனக்கும் நெருப்பா காய்ச்சல். பைப்பு வர்றது தெரியுது, கைய இழுக்கணும்னு தோணுது, ஒடம்பு கேக்கல. நானுந்தான் சொல்லல. நீ மட்டும் என்ன பெருசா தூக்கி வச்சிகிட்டு இருக்க, போ." பரிதி, நான் இப்போது ரிக்கிங் சூப்பர்வைசர். சுமை கட்டுகிற பெல்ட்டில் ஒரு நூல் பிரிந்திருந்தாலும் அதை இரண்டாக வெட்டிக் குப்பையில் போடச் சொல்கிறவன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு பெல்ட்டையும் கையால் தடவிப் பார்த்து, சரியாக இருக்கிறது என்பதற்குக் கலர் டேப் ஒட்டுகிறேன். என் தோளை மட்டும் இருபத்து மூன்று வருஷமாக ஒருவருக்கும் காட்டவில்லை.

உன் விஷயத்துக்கு வருகிறேன். முன்பெல்லாம் வெள்ளிக்கிழமைகளில் ஒர்க்‌ஷாப்புகளுக்குப் பின்னால் இருக்கும் மணல் திடலில் குல் பாயின் டீமுக்கு நீ டேப் சுற்றிய பந்தில் கிரிக்கெட் பௌலிங் போடுவாய். டிரெய்லர் ஓட்டுகிற பட்டாணியர், ஆறடி உயரம், உன்னைக் கண்டால் மட்டும் பூனைக்குட்டி மாதிரி ஆகிவிடுவார். மேட்ச் முழுக்க உன்னை ஐஸ் பெட்டி மேல் உட்கார வைத்துவிட்டு, கடைசி இரண்டு ஓவரில் நிலைமை மோசமானால், "பரிதி கோ புலாவ், ஜல்தி!" என்று உன்னைக் கூப்பிடச் சொல்லிக் கத்துவார். எதிர் டீம்காரர்கள் "மாங்கா எறியிறான், மாங்கா எறியிறான்" என்று சண்டைக்கு வருவார்கள். கை மடங்குகிறது என்பது நிஜம்தான். அந்தக் குற்றத்தையே ஒரு டொமினிக்கன் நாட்டுக்காரர் வந்து தகுதி என்றார். பேஸ்பாலில் கையை மடக்காவிட்டால் பந்தே போகாதாம். துபாயில் புதிதாக டீம் கட்டிக்கொண்டிருந்த அந்தக் கோச், எல்லைக் கோட்டிலிருந்து நீ எறிந்த ஒரே எறியைப் பார்த்துவிட்டு உன் கையைப் பிடித்துக்கொண்டார். அங்கேயும் உனக்கு அதே வேலையைத்தான் கொடுத்தார்கள்: ஓரத்தில் காத்திருந்துவிட்டு, ஆட்டம் கையை விட்டுப் போகும்போது உள்ளே இறங்குகிற வேலை. ரிலீஃப் பிட்சர் என்று பேர். ஐஸ் பெட்டியில் உட்கார்ந்த அனுபவம் வீண் போகவில்லை என்று குல் பாய் இன்றைக்கும் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார்.

அப்புறம் அந்த மேட்ச். நீ அடிபட்டதைப் பற்றி எல்லாருக்கும் தெரியும், அதற்கு அரை மணி நேரம் முந்தி காரில் நடந்தது நம் இருவருக்கு மட்டும்தான் தெரியும். "அப்பா, முழங்கை உள்பக்கம் சுருக்கு சுருக்குங்குது. கோச்சுட்ட சொல்லட்டுமா?" என்றாய். சிக்னலில் நின்றிருந்தோம். நான் உன் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. "சொல்லிடாத. சொன்னா வேற ஆள எறக்குவான், அப்புறம் உன்னத் திரும்பக் கூப்புடுவான்னு என்ன நிச்சயம்? ஸ்ப்ரே அடிச்சிக்க, முடிஞ்சதும் பாத்துக்கலாம்" என்றேன். ஒரு தகப்பன் பேசிய பேச்சா அது? கேம்ப் ரூமில் பக்கத்துக் கட்டில்காரனிடம் பேசுகிற பேச்சு. நீ போய் எறிந்தாய். பதினோராவது பந்து எங்கேயோ வேலிப் பக்கம் போனது, நீ முழங்காலிட்டுக் கையை வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாய். கோயம்புத்தூரில் ஆபரேஷனுக்கு முந்தி டாக்டர் கேட்டார்: "அதுக்கு முன்னாடி வலி ஏதும் இருந்துச்சா?" நீ என்னைப் பார்த்தாய். "இல்ல சார்" என்றாய். எனக்காகப் பொய் சொன்னாய், நானும் உன்னைச் சொல்ல விட்டேன். உன் மணிக்கட்டுப் பக்கத்திலிருந்து நரம்பு மாதிரி ஒரு தசைநாரை எடுத்து, முழங்கை எலும்பில் துளை போட்டுக் கோத்துக் கட்டினார்கள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்து அம்மா அழுதாள். எனக்கு அழக்கூட யோக்கியதை இல்லை என்று தோன்றியது.

மன்னித்துவிடு, பரிதி. இந்த வார்த்தையைச் சொல்லப் பதினாறு மாதம் ஆகியிருக்கிறது.

திரும்ப எறிய ஆரம்பித்த நாளை நினைத்துப் பார். முதலில் நம் வீட்டு வராண்டாவில் சுருட்டிய சாக்ஸை எறிந்தாய். அப்புறம் கீழே பார்க்கிங்கில், பிசியோ எழுதிக் கொடுத்த கணக்குப்படி, இவ்வளவு அடி தூரம், இவ்வளவு எறி, அதற்கு மேல் ஒன்றுகூடக் கூடாது. பிடிக்க ஆள் வேண்டுமே. கையுறை வாங்கும்வரை நான் ஒர்க்‌ஷாப்பிலிருந்து கொண்டுவந்த வெல்டிங் கிளவுஸைப் போட்டுக்கொண்டு இரண்டு லேண்ட் க்ரூஸருக்கு நடுவில் குந்தினேன். கண்ணாடி உடைந்தால் யார் பதில் சொல்வது என்று வாட்ச்மேன் தலையில் கைவைத்து நிற்பார். நீ எறிவாய், நான் பிடிப்பேன், கையைக் கீழேயே வைத்து உருட்டிவிடுவேன். "ஏம்ப்பா பொம்பளப் புள்ள மாதிரி உருட்டி விடுறீங்க?" என்று கேட்டாய். அந்தப் பேச்சை அம்மா மாடியிலிருந்து கேட்டுவிட்டு உன்னை ஒரு பிடி பிடித்தாள். நான் "ஸ்டைலுடா" என்றேன். என் கை தோளுக்கு மேலே போகவில்லை, அதுதான் விஷயம். ஒருவேளை அன்றைக்கே உனக்கும் வலி இருந்திருக்கலாம். ஒருவனுக்கு ஒருவன் மறைத்துக்கொண்டு அப்பனும் மகனும் பார்க்கிங்கில் பந்து விளையாடியிருக்கிறோம், நல்ல கூத்து.

உன் மாமா பட்டுக்கோட்டையிலிருந்து வாரம் தவறாமல் கூப்பிடுகிறார். "போதும் மச்சான். அது என்ன கட்டையடி வெளாட்டு, நம்ம ஊருல ஒருத்தனுக்கும் தெரியாது. கைய வேற அறுத்துகிட்டான். புள்ளைய ஒரு வேலையில ஒக்கார வச்சி, ஒரு கல்யாணத்தப் பண்ணி வய்யிங்க." நானும் ஒரு பலவீனமான நாளில் சேஃப்டி ஆபீசர் கோர்ஸுக்குப் படிவம் வாங்கி வந்தேன், உனக்கு நினைவிருக்கும். அந்தப் படிவம் இப்போது ரைஸ் குக்கருக்கு அடியில் இருக்கிறது. சூடு தாங்குகிற நல்ல தாள். மாமாவிடம் போன வாரம் சொல்லிவிட்டேன்: "என் மவன் எறிவான். கட்டையடின்னாலும் சரி, கல்லடின்னாலும் சரி, எறிவான். பொண்ணு குடுக்குறவங்க அந்தக் கை தழும்பையும் சேத்துப் பாக்கட்டும்." அவர் போனை வைத்துவிட்டார். அம்மா எனக்கு இன்னொரு டம்ளர் டீ போட்டுத் தந்தாள்.

ஆகவே இதைப் படித்துவிட்டு, கிழவன் என்னை ஆட்டத்தை விட்டுவிட்டு வரச் சொல்கிறான் என்று நினைத்துவிடாதே. நான் சொல்வது நேர் எதிர். எறி. ஆனால் வியாழக்கிழமை அந்த டாக்டர் முன்னால் உட்கார்ந்து, எங்கே வலிக்கிறது, எத்தனை நாளாக வலிக்கிறது, என்ன மாத்திரை போடுகிறாய், எல்லாவற்றையும் சொல்லிவிட்டு எறி. அது புதுக் கட்டு இறுகுகிற வலியாக இருக்கலாம், ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். நீயும் டாக்டர் இல்லை, நானும் இல்லை. சொன்னால் சனிக்கிழமை உன்னை உட்கார வைக்கலாம். இந்த சீசன் முழுக்கவே உட்கார வைக்கலாம். வேறொருவனை எடுத்துக்கொண்டு உன்னை அனுப்பியும் விடலாம். அப்படியெல்லாம் நடக்காது என்று நான் பொய்யாக ஆறுதல் சொல்லப் போவதில்லை. நடந்தால் நடக்கட்டும். பார்க்கிங் இருக்கிறது, வெல்டிங் கிளவுஸ் கார் டிக்கியில் இருக்கிறது, ஐஸ் பெட்டியோடு குல் பாய் இருக்கிறார். சாக்ஸிலிருந்து மறுபடி ஆரம்பிப்போம். உன் கையை ஒருவன் பேனாவால் முடித்து வைக்க நாம் விடப் போவதில்லை, மாத்திரையைப் போட்டுப் போட்டு நீயே முடித்து வைக்கவும் நான் விடப் போவதில்லை.

ஊருக்கு உபதேசம் என்று நினைக்காதே. இன்று காலை எனக்கும் வருஷாந்திர மெடிக்கல் இருந்தது. போன வாரமே அம்மா வழக்கம்போல உப்பைக் குறைத்துவிட்டாள், யாரும் சொல்லாமலே. ஞாயிற்றுக்கிழமை நீயும் அதையே கேட்டுவிட்டுப் போனாய். நேற்று ரசம் கொதிக்கும்போது நான் போய் உப்பு டப்பாவைத் திறந்தேன். "என்னங்க, நாளைக்கு மெடிக்கலாச்சே" என்றாள். "போடு" என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, ஒரு கரண்டி, அதற்கு மேல் இன்னும் அரைக் கரண்டி போட்டாள்.

அந்த டாக்டரை எனக்குப் பல வருஷமாகத் தெரியும். இரண்டு கையையும் மேலே தூக்கச் சொல்வார். நான் சட்டையைக் கழற்றுகிற சாக்கில் ஒரு வெட்டு வெட்டித் தூக்கி, அதே வேகத்தில் இறக்கி, அவர் பிள்ளைகளின் படிப்பைப் பற்றி விசாரிப்பேன். ஒவ்வொரு வருஷமும் பலித்த வித்தை. இன்றைக்கு மெதுவாகத் தூக்கினேன். இடது கை காதுக்கு மேலே போனது. வலது கை தோளுக்கு நேராக வந்து நின்றுவிட்டது. அங்கேயே வைத்திருந்தேன். இன்னும் மேலே தூக்கச் சொல்லி "அவுர் ஊப்பர், பாய்" என்றார். "ஊப்பர் மாஃபி, டாக்டர் சாப். தர்த் ஹை" என்றேன். இதற்கு மேல் போகாது, வலிக்கிறது என்று சொல்லிவிட்டேன். "கப் ஸே?" என்றார், எப்போதிலிருந்து என்று. சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். வருஷா வருஷம் அவர்தானே கையெழுத்துப் போட்டார்! பிறகு எழுந்து வந்து, தோளை அழுத்திப் பார்த்து, ஸ்கேனுக்கு எழுதிக் கொடுத்து, ரிப்போர்ட் வரும்வரை சைட் வேலை கிடையாது என்று ஃபைலில் எழுதினார். பிரஷரும் ஏறித்தான் இருந்தது, அதையும் எழுதினார். கம்பெனியிலிருந்து இன்னும் போன் வரவில்லை. ஸ்டோரில் உட்கார வைப்பார்களோ, கலாஸ், எல்லாம் முடிந்தது என்று டிக்கெட்டைக் கையில் கொடுப்பார்களோ தெரியாது. பயமில்லை என்று சொன்னால் பொய். ஆனால் டாக்டர் ரூமிலிருந்து வெளியே வந்து நின்றபோது, சட்டையைப் போட்டுக்கொள்ள அங்கே நின்ற ஒரு பெங்காலிப் பையனிடம், "கை தூக்க முடியல, கொஞ்சம் புடிச்சு விடு" என்று வாய்விட்டுக் கேட்டேன். இருபத்து மூன்று வருஷத்தில் முதல் தடவை.

நாளை புதன்கிழமை, குல் பாய் துபாய்க்கு லோடு கொண்டுவருகிறார். நீ கேட்ட டிபனும் இந்தக் கடிதமும் அவர் கையில் வரும். கத்தரிக்காய்க் குழம்பும் நெத்திலிக் கருவாட்டு வறுவலும். ருசி பார்க்கும் வேலை எனக்கு, பார்த்துவிட்டுத்தான் மூடினேன். உப்பு சரியாக இருக்கிறது. மிச்சம் வைக்காமல் சாப்பிட்டுவிட்டுப் போய் டாக்டரைப் பார்.

அப்பா